அமெரிக்கக் கடிகாரமும் அமெரிக்க அடிக்கோலும்: எல்லோரும் வெறுத்தும் ஏன் நிற்கின்றன?

டெட்ராய்ட் அருகே மேற்படிப்புக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாக இரண்டு கேள்விகள். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒரு மணி நேரம் காணாமற்போனதால் பேருந்தைத் தவறவிட்டீர்கள். கடையில் பவுண்டு, அவுன்ஸ், காலன் என்று எழுதியிருப்பது புரியவில்லை. இரண்டையும் வகுப்பில் எல்லோரும் திட்டுகிறார்கள் என்றும், அப்படியிருக்க ஒரே சட்டத்தில் இரண்டையும் ஏன் ஒழிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், காய்ச்சல்மானியில் 100.4 என்று தெரிந்தால் அஞ்ச வேண்டுமா, தினமும் இரவு பத்து மணிக்கு எடுக்கும் மாத்திரையைக் கடிகாரம் மாறும் நாளில் எப்போது எடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஏற்பாடுகள் எப்படித் தோன்றின என்பதைவிட, யாருக்கும் பிடிக்காத ஒன்று நூறாண்டாக எப்படி நீடிக்கிறது என்பதே உங்கள் உண்மையான ஐயம் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் அமெரிக்க மருத்துவமனைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்துவருகிறேன். அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. நேரமும் அளவும்தான் என் தொழில். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை என்ற இரண்டைத் தவிர என் மேசைக்கு வேறு கேள்வி அதிகம் வருவதில்லை. சட்டத்திலும் பொருளாதாரத்திலும் எனக்கு முறையான பயிற்சி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நான் சொல்வதைப் படியுங்கள்.

என் கருத்து இதுதான்: கடிகாரம், அளவை இரண்டின்மீதும் மக்களுக்கு இருக்கும் எரிச்சல் ஒரே மாதிரியாகத் தோன்றினாலும், அவற்றை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும் காரணங்கள் நேரெதிரானவை. கடிகாரத்தை ஒரே நாளில், ஒரே சட்டத்தில் மாற்றிவிடலாம்; எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் மக்கள் பிரிந்து நிற்கிறார்கள். அளவைகளில் எந்த முறைக்குப் போவது என்பதில் குழப்பமே இல்லை, மெட்ரிக் முறைதான். ஆனால் அதைச் சட்டத்தால் ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது.

முதலில் கடிகாரம். வசந்தத்தில் அதை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதற்குக் கோடை நேரம் என்று பெயர்; இலையுதிர்காலத்தில் திரும்பும் வழக்கமான நேரம் திட்ட நேரம். இந்த ஏற்பாடு விவசாயிகளுக்காக வந்தது என்று உங்கள் வகுப்பில் யாரேனும் சொல்லியிருப்பார்கள், அது தவறு. முதல் உலகப் போரில் எரிபொருளை மிச்சப்படுத்த 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி கடிகாரத்தை முன்தள்ளியது. அமெரிக்கா 1918 மார்ச் 31 அன்று பின்பற்றியது. விவசாயிகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பனி உலர்ந்த பிறகுதான் வைக்கோல் அறுக்க முடியும், மாடு கடிகாரம் பார்த்துப் பால் கொடுப்பதில்லை, ஆனால் கூலியாட்களும் பால் வண்டியும் புதிய நேரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய குறை. அடுத்த ஆண்டே, குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பாணையையும் மீறி, நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்தது. போர் முடிந்ததும் ஒவ்வோர் ஊரும் தன் விருப்பப்படி நடந்துகொள்ள விடப்பட்டது. ஒஹையோவின் ஸ்டூபன்வில் நகரிலிருந்து மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லுக்குப் பேருந்தில் சென்றால் 35 மைல் தூரத்தில் ஏழு முறை கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்துக் கதைகளில் புகழ்பெற்றது. அந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1966-இல் சீரான நேரச் சட்டம் வந்தது. இப்போதுள்ள தேதிகள், அதாவது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை என்பது, 2007 முதல் நடப்பில் இருக்கிறது. அரிசோனாவும் ஹவாயும் இதில் சேரவில்லை. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ மக்களின் நிலப்பகுதி சேர்ந்திருக்கிறது. அதன் நடுவே இருக்கும் ஹோப்பி மக்களின் பகுதி சேரவில்லை.

மக்களிடம் "வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவது பிடிக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். "சரி, கோடை நேரத்திலேயே நிறுத்திவிடலாமா, திட்ட நேரத்திலேயே நிறுத்திவிடலாமா?" என்று கேட்ட கணமே கூட்டம் கலைந்துவிடும். இதற்கு மனிதர்களின் பிடிவாதத்தைவிடப் பூமியின் உருண்டைத்தன்மையே பெரிய காரணம். உங்கள் டெட்ராய்ட்டும் பாஸ்டனும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்று அதன் மேற்கு ஓரத்திலும் மற்றொன்று கிழக்கு ஓரத்திலும் கிடக்கின்றன. டிசம்பரில் பாஸ்டனில் மாலை நாலேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது; அங்குள்ளவர் ஆண்டு முழுதும் கோடை நேரம் வேண்டும் என்று கேட்பது நியாயந்தான். அதே கோடை நேரத்தைக் குளிர்காலத்திலும் வைத்தால், புத்தாண்டை ஒட்டிய நாட்களில் டெட்ராய்ட்டில் காலை ஒன்பது மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். பள்ளிப் பிள்ளைகள் நடு இரவு போன்ற இருட்டில் பேருந்துக்குக் காத்து நிற்பார்கள். மாறாக ஆண்டு முழுதும் திட்ட நேரம் என்றால், ஜூன் மாதத்தில் பாஸ்டனில் அதிகாலை நான்கு மணியைத் தாண்டியதுமே வெயில் சன்னலைத் தட்டும்.

இது வெறும் ஊகம் இல்லை, செய்து பார்த்து விட்டுவிட்ட சோதனை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, நிக்சன் ஆட்சியில், 1974 ஜனவரி 6 அன்று நாடு முழுவதும் குளிர்காலத்திலேயே கோடை நேரத்துக்கு மாறியது. சோதனை தொடங்குமுன் 79 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். சில வாரங்கள் இருட்டில் எழுந்து, பள்ளி செல்லும் வழியில் குழந்தைகள் வாகனம் மோதி இறந்த செய்திகளைக் கேட்டபின், பிப்ரவரியில் ஆதரவு 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இரண்டு குளிர்காலங்களுக்கு என்று திட்டமிட்டதை அந்த ஆண்டு அக்டோபரிலேயே கைவிட்டார்கள். 2022 மார்ச் 15 அன்று அமெரிக்க மேலவை, ஆண்டு முழுதும் கோடை நேரம் என்ற மசோதாவை ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றியபோது எனக்கு வியப்பாக இருந்தது. கீழவை அதை எடுத்துக்கொள்ளாமலே விட்டதில் வியப்பு ஏதும் இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2019-இல் கடிகார மாற்றத்தை நிறுத்த வாக்களித்தது. உறுப்பு நாடுகள் எந்த நேரம் என்று ஒத்துப்போகாததால் அது அப்படியே கிடக்கிறது. ரஷ்யா 2011-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய், காலை இருட்டு தாங்காமல், 2014-இல் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு: 1966 சட்டப்படி ஒரு மாநிலம் ஆண்டு முழுதும் திட்ட நேரத்தில் இருந்துகொள்ளலாம், ஆண்டு முழுதும் கோடை நேரத்தில் இருக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஃபுளோரிடா உட்படப் பல மாநிலங்கள் நிறைவேற்றிய சட்டங்கள் வாஷிங்டனின் அனுமதிக்காகக் காத்துக் கிடப்பது இதனால்தான்.

உடல்நலம் பற்றிய வாதங்களில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் இணையத்தில் இவை கண்டபடி கலந்து வருகின்றன. வசந்த கால மாற்றத்துக்குப் பிந்தைய நாட்களில் மக்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்பதும், காலை வெளிச்சம் நம் உடலின் உள்கடிகாரத்தைச் சரிசெய்கிறது என்பதும் உறுதியானவை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2020-இல் நிரந்தரத் திட்ட நேரத்தை ஆதரித்ததற்கு இவையே அடிப்படை. மாரடைப்பு அப்படி உறுதியாகச் சொல்லக்கூடியதன்று. 2008-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்று வசந்த மாற்றத்துக்குப் பிந்தைய வாரத்தில் சுமார் 5 விழுக்காடு கூடுதலைக் கண்டது. உங்கள் மிச்சிகன் மாநில மருத்துவமனைகளின் தரவை வைத்து 2014-இல் வந்த ஆய்வு, மாற்றத்துக்கு மறுநாள் திங்களன்று மாரடைப்புகள் 24 விழுக்காடு கூடியதாகவும், வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை மாறவில்லை என்றும் சொன்னது. எப்படியும் வரவிருந்த நோயாளி ஓரிரு நாள் முன்னதாக வந்தார் என்று இதைப் படிக்கலாம். "கடிகாரம் மாற்றினால் 24 விழுக்காடு மாரடைப்பு" என்று தலைப்பிடுகிறவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். மின்சாரச் சேமிப்பும் இதே கதிதான்: 2007-இல் கோடை நேரத்தோடு கூடுதலாகச் சேர்க்கப்பட்ட வாரங்களில் நாளொன்றுக்கு அரை விழுக்காடு சேமிப்பு என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2008-இல் கணக்கிட்டது, இந்தியானா மாநிலம் 2006-இல் முழுதாக இந்த முறைக்கு வந்தபோது ஆராய்ந்தவர்கள் வீட்டு மின்செலவு சுமார் 1 விழுக்காடு கூடியதைக் கண்டார்கள். விளக்குக்கு மிச்சமானதைக் குளிர்சாதனம் தின்றுவிட்டது.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. மின்வெட்டின் காரணமாக 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, அக்டோபரில் அரை மணி பின்தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. சோதனைச் சாவடியைக் கடக்கும்போது கடிகாரமும் மாறியது.

என் தொழிலில் உண்மையான தலைவலி மார்ச் மாதத்தில் வருவதில்லை, நவம்பரில்தான் வருகிறது. அன்று இரவு ஒன்று முதல் இரண்டு வரையுள்ள மணி இருமுறை வருகிறது. ஒரு நோயாளிக்கு ஒன்றரை மணிக்கு ஊசி போட்டதாகப் பதிவானால், அது எந்த ஒன்றரை? மணிக்கொரு முறை இரத்த அழுத்தம் குறிக்க வேண்டிய தீவிர சிகிச்சைப் பிரிவில், இரண்டாவது ஒன்றரை மணிக்குறிப்பு முதலாவதன்மேல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில், பல கோடி டாலர் கொடுத்து வாங்கிய கணினிப் பதிவேட்டை அந்த ஒரு மணி நேரம் கைவிட்டு, செவிலியர்கள் தாளில் எழுதி, பிறகு ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார்கள். கப்பலோட்டிகளும் விமானிகளும் கிரீனிச் அடிப்படையிலான ஒரே நேரத்தைப் பின்பற்றி இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள்; நாங்கள் இன்னும் தப்பவில்லை.

இனி அளவைகள். அமெரிக்கா மெட்ரிக் முறையை ஏற்கவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. 1866-இலேயே அது இங்கே சட்டப்பூர்வமாயிற்று. 1875-இல் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட முதல் நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் அமெரிக்க கெஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் வைத்தே வரையறுக்கப்படுகின்றன. 1959 முதல் ஒரு பவுண்டு என்பது சரியாக 0.45359237 கிலோகிராம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பவுண்டு என்பது கிலோவுக்குப் போட்ட வேடம் என்றே சொல்லலாம். மெட்ரிக் அளவுமாதிரிகளைக் கொண்டுவந்த பிரெஞ்சு அறிவியலாளர் டோம்பே 1794-இல் கடற்கொள்ளையர் கையில் சிக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று இணையத்தில் அடிக்கடி பகிர்கிறார்கள். அவர் பிடிபட்டதும் மொன்செராட் தீவில் இறந்ததும் உண்மைதான். அவர் கொண்டுவந்த செப்பு எடைக்கட்டி ஒன்று கைக்கு வந்திருந்தால் ஒரு நாட்டின் அளவைமுறையே மாறியிருக்கும் என்பதை நான் நம்பவில்லை. அதன்பின் 1866-இலும் 1975-இலும் கதவு திறந்தே இருந்தது. 1975 மெட்ரிக் மாற்றச் சட்டம் "விரும்பினால் மாறலாம்" என்றது. விரும்பினால் என்றதும் யாரும் முதலில் அசையவில்லை. அதற்கென அமைத்த வாரியத்தை 1982-இல் ரீகன் ஆட்சி கலைத்தது.

மாற்றத்தால் தனக்கே ஆதாயம் என்று கண்ட தொழில்கள் சத்தமில்லாமல் மாறிக்கொண்டன. மோட்டார் வாகனத் துறை மாறியது. ஒயின் 1979-இலும் மதுபானங்கள் 1980-இலும் மில்லிலிட்டருக்கு வந்தன. மருந்து எப்போதோ மில்லிகிராமுக்கு வந்துவிட்டது. ஆனால் மருந்து டப்பாவில் ஒரு புதைபடிவம் இன்னும் தெரியும். இந்தியாவில் இதயநோயாளிக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பார்கள். இங்கே 81 மில்லிகிராம். இந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று புதிதாய் வரும் பயிற்சியாளர்களிடம் கேட்பது என் வழக்கம். பழைய மருந்துக்கடை அளவான கிரெயின் ஒன்று கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். ஒன்றேகால் கிரெயின்தான் 81. வலிக்கு எடுக்கும் 325 மில்லிகிராம் மாத்திரை ஐந்து கிரெயின்.

தொழில் மாறி வீடு மாறாதபோது இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. 44 பவுண்டு எடையுள்ள குழந்தை 20 கிலோ. காய்ச்சல் மருந்தை கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 300 மில்லிகிராம் வரும். தாய் சொன்ன 44 என்ற எண்ணை யாரோ கிலோ என்ற கட்டத்தில் எழுதிவிட்டால் 660 ஆகிவிடும். ஆகவேதான் குழந்தைகள் பிரிவில் கிலோ மட்டும் காட்டும் எடைக்கருவி வேண்டும் என்று நாங்கள் சண்டை போடுகிறோம். தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. ஆங்கிலத்தில் இரண்டின் சுருக்கக் குறியீடும் ஓரெழுத்தில்தான் வேறுபடுகிறது, மருந்தளவோ மூன்று மடங்கு. விண்வெளியிலும் இதே கதை: 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய் வானிலைச் சுற்றுக்கலம் தொலைந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு-நொடிக் கணக்கில் கொடுத்ததை மற்றொன்று நியூட்டன்-நொடி என்ற மெட்ரிக் அலகாக எடுத்துக்கொண்டதால்தான்.

அப்படியானால் ஏன் கட்டாயச் சட்டம் போடவில்லை? எங்கள் மருந்துக் கணக்கை மாற்றியது போல நிலத்தை மாற்ற முடியாது. 1785 முதல் இந்த நாட்டின் பெரும்பகுதி ஒரு மைல் சதுரக் கட்டங்களாக, கட்டத்துக்கு 640 ஏக்கர் என்று அளந்து விற்கப்பட்டது. உங்கள் ஊரில் ஏழாம் மைல் சாலை, எட்டாம் மைல் சாலை, ஒன்பதாம் மைல் சாலை என்று மைல் இடைவெளியில் வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். எட்டாம் மைல் சாலைதான் மிச்சிகன் நில அளவையின் அடிக்கோடு. அந்த நாட்டைக் கிலோமீட்டருக்கு மாற்றுவது பெயர்ப்பலகை மாற்றும் வேலையாக முடியாது. வீடுகளின் மரச்சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் நிற்கின்றன, ஒட்டுப்பலகை நான்கடிக்கு எட்டடியாக வருகிறது, நூறாண்டு பழைய வீட்டைப் பழுதுபார்க்க அதே அளவுப் பலகை வேண்டும். அடி என்பதிலேயே இரண்டு வகை இருந்து, பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வேறுபட்ட நில அளவை அடியை 2022 இறுதியோடுதான் கைவிட்டார்கள் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியா செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது, 1956 சட்டம், 1957-இல் நயா பைசா, 1958 முதல் கிலோகிராம் என்று கட்டாயமாக, படிப்படியாகச் செய்தது. ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு சேர், வீசை, படி என்றிருந்த குழப்பத்தில் எல்லோருக்கும் பொதுவான பழைய அளவு என்று ஒன்று இல்லாததால், விட்டுக்கொடுக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் பழைய முறையே நாடு முழுவதும் ஒன்றாக இருந்தது. அப்படியும் நம் ஊரில் காய்கறி கிலோவுக்கு வந்ததே தவிர, மனை சதுர அடியிலும் கிரவுண்டிலும் சென்ட்டிலும்தான் கைமாறுகிறது, நகை பவுனில்தான் பேசப்படுகிறது, பெண் பார்க்கப் போனால் உயரம் அடியில்தான் சொல்லப்படுகிறது. பவுன் இப்போது சரியாக எட்டு கிராம் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க பவுண்டு போட்ட அதே வேடம்.

என்னைக் கேட்டால், கடிகாரத்தைத் திட்ட நேரத்தில் நிறுத்திவிடச் சொல்வேன். இரவுப்பணிக்காரரின் பக்கச்சார்பு அதில் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அளவைகளில் நிலத்தையும் பலகையையும் விட்டுவிட்டு, மருந்துக் கரண்டியையும் குழந்தையின் எடையையும் மட்டும் கட்டாயமாக மாற்றினால் எனக்குப் போதும்.

மாத்திரைக்கு வருகிறேன். தினம் ஒருமுறை எடுக்கும் பெரும்பாலான மாத்திரைகளுக்கு ஒரு மணி நேர வேறுபாடு பொருட்டில்லை. புதிய கடிகாரத்தில் பத்து மணிக்கே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு, பார்க்கின்சன் நோய், இன்சுலின் போன்றவற்றுக்கான மருந்தென்றால் உங்கள் மருந்துக்கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காய்ச்சல்மானியில் 100.4 என்பது இங்கே மருத்துவர்கள் காய்ச்சல் என்று கணக்கில் எடுக்கத் தொடங்கும் எல்லை. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு அந்த எண் வந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும், உங்கள் வயதுக்கு அதுவே அஞ்சத்தக்கதன்று. அந்த எண் ஏன் நூறு என்று நிற்காமல் புள்ளி நான்கோடு வருகிறது என்று யோசித்திருப்பீர்கள்: அது 38 டிகிரி செல்சியஸ். எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் 98.6-உம் அப்படித்தான்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் முழு எண்ணாகச் சொன்ன 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது ஒட்டிக்கொண்ட புள்ளி ஆறு அது.